இரண்டு நாளைக்குத்தானே என்று பிளேட்டோடு காரைக் கொடுத்தேன்

நியூயார்க்கில் பழைய காரைத் தனியாருக்கு விற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு ஒரே விஷயம்: நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு, ஒரு ராத்திரிக்கு என்று கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நேரம் இருப்பவர்கள் நான் பட்ட பாட்டையும் படித்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. பத்து வருடம் ஓட்டிய எங்கள் கொரோல்லாவை அன்றைக்கு விற்றேன். குவீன்ஸில் எங்கள் வீட்டு வாசலிலேயே வியாபாரம். வாங்க வந்தவர் தமிழர், பிராங்க்ஸில் குடியிருக்கிறார், முப்பது வயது இருக்கும். வந்து இறங்கியதும் டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பாதி விழுந்தது அங்கேயேதான். மீதிப் பாதி, "அண்ணா, உங்ககிட்ட பேரம் பேசவே கூச்சமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே 200 டாலரைக் குறைத்தபோது. 4,200க்கு முடிந்தது. பணம் கைக்கு வந்தது, டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) கையெழுத்துப் போட்டேன், ஓடிய மைல் எழுதினேன், விற்பனைச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டோம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். இதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்க பிளேட் சுலபமாக வந்துவிட்டது. பின்பக்கத்தில் இடது ஸ்க்ரூ அசையவே இல்லை. பத்து குளிர்காலம் சாலையில் கொட்டிய உப்பு அதைத் தின்று தீர்த்திருந்தது. நான் குந்தி உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விடுங்க அண்ணா, எதுக்குக் கஷ்டப்படறீங்க. நாளைக்கு கொலம்பஸ் டே, டிஎம்வி லீவு. செவ்வாய்க்கிழமை காலைல முதல் ஆளாப் போய் என் பேருக்கு மாத்திட்டு, அன்னிக்கே பிளேட்டைக் கொண்டுவந்து தர்றேன். பிளேட் இல்லாம இப்ப எப்படி எடுத்துட்டுப் போறது?"

நியாயமாகப் பட்டது. மறுநாள் டிஎம்விக்கு, அதாவது வாகனப் பதிவு அலுவலகத்துக்கு, லீவு என்பதும் உண்மை. கழற்றிய முன் பிளேட்டை நானே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். என் கையாலேயே. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இரண்டு பிளேட்டிலும் அப்படியே இருந்தன. கார் தெரு முனை திரும்பும்வரை நானும் மனைவியும் வாசலில் நின்று கையசைத்தோம்.

என் முட்டாள்தனத்துக்கு ஒரு பின்கதை உண்டு. இதற்கு முன் கலிஃபோர்னியாவில் இருந்தபோது ஒரு கார் விற்றிருக்கிறேன். அங்கே சாதாரண பிளேட் காரோடுதான் போகும். விற்றவர் 5 நாளுக்குள் டிஎம்வி தளத்தில் கைமாற்ற அறிவிப்பை நிரப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. நியூயார்க்கில் அப்படி இல்லை. இங்கே பிளேட் காருக்குச் சொந்தமில்லை, பதிவு செய்தவர் பெயரோடு ஒட்டியது. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஃபுளோரிடாவிலும் விற்பவர்தான் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்ததைப் பார்த்தால் இது எனக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம். அரைகுறையாகத் தெரிந்ததால்தான் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவிடம் தோற்றேன்.

இரண்டாவது தவறு திங்கள் இரவு. விற்ற காருக்கு எதற்கு இன்ஷூரன்ஸ் என்று ஆப்பைத் திறந்து பாலிசியை ரத்து செய்தேன். செவ்வாய் முதல் ரத்து. இரண்டு நிமிட வேலை, சில டாலர் மிச்சம். இதைத்தான் நியூயார்க்கில் செய்யவே கூடாதாம். முதலில் பிளேட்டை டிஎம்வியில் ஒப்படைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும். ரத்தான தகவலை இன்ஷூரன்ஸ் கம்பெனியே டிஎம்விக்கு அனுப்பிவிடும். டிஎம்வி கணக்கில் என் கார் பிளேட்டோடும் பதிவோடும் சாலையில் இருக்கிறது, ஆனால் காப்பீடு இல்லை.

செவ்வாய் போயிற்று. புதன் கூப்பிட்டேன். "அண்ணா, ஆபீஸ்ல ஆடிட்டு." அடுத்த வாரம் அவர் பையனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் டிஎம்வியில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பதில் மட்டும் உடனே வரும், மரியாதையாகவும் வரும். திட்டவும் முடியவில்லை. போனை எடுக்காமல் இருந்திருந்தால்கூட எனக்குச் சீக்கிரம் உறைத்திருக்கும்.

அக்டோபர் கடைசியில், பாலச் சுங்கம் தானாகக் கழியும் ஈஸி பாஸ் கணக்கில் தானாகப் பணம் ஏற்றியதாக ஒரு மின்னஞ்சல். ஒரு வாரத்தில் இன்னொன்று. நான் எந்தப் பாலத்தையும் தாண்டவில்லையே என்று கணக்கைத் திறந்து பார்த்தால், குவீன்ஸையும் பிராங்க்ஸையும் இணைக்கும் ஆர்எஃப்கே பாலம் வரிசையாக நிற்கிறது. காலை ஒன்று, மாலை ஒன்று. கண்ணாடியில் ஒட்டும் ஈஸி பாஸ் டேக்கை நான் காரிலிருந்து எடுத்துவிட்டேன், மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பிளேட் எண் என் கணக்கிலேயே இருந்தது. கேமரா பிளேட்டைப் படித்தது, என் கணக்கில் கழித்துக்கொண்டது. அதிலும் ஒரு கொடுமை: டேக் இருந்தால் அப்போது 6.94 டாலர். கண்ணாடியில் டேக் இல்லாமல் பிளேட்டை மட்டும் வைத்துக் கழித்தால் 9.11. டிராயரில் கிடந்த டேக்குக்காகவும் சேர்த்து நான்தான் கொடுத்திருக்கிறேன். 17 முறை தாண்டியிருந்தார், மொத்தம் 154.87. அன்றைக்கே பிளேட் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கினேன். விற்ற அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே 9 டாலர் நெரிசல் கட்டணம் 2025 ஜனவரி 5இல்தான் தொடங்கியது. அந்த மட்டில் பிழைத்தேன்.

அப்புறம் நகரத்திலிருந்து இரண்டு உறைகள். பள்ளிப் பகுதி வேகக் கேமரா. அனுமதித்த வேகத்தைவிட 10 மைலுக்கு மேல் போனால் தலா 50 டாலர். ஒரே தெருவில், அடுத்தடுத்த நாள் காலையில். உள்ளே காரின் பின்பக்கப் படம், கீழே பிளேட்டைப் பெரிதாக்கி இன்னொரு படம். பிளேட்டின் ஓரத்தில் வெளிறிய ஒரு கறை. என்ன என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆயுத பூஜைச் சந்தனம். மழை முழுசாகக் கழுவவில்லை.

ஆன்லைனில் மேல்முறையீடு போட்டு விற்பனைச் சீட்டை இணைத்தேன். பிளேட்டை ஒப்படைத்த ரசீது எங்கே என்று கேட்டார்கள். இல்லை. கட்டினேன்.

நவம்பர் நடுவில் டிஎம்வியிலிருந்து கடிதம். அக்டோபர் 15 முதல் உங்கள் வாகனத்துக்குக் காப்பீடு இல்லை, விளக்கம் என்ன என்று. அப்போதுதான் விதிமுறையை உட்கார்ந்து படித்தேன். காப்பீடு இல்லாமல் பிளேட் வெளியே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. முதல் 30 நாளுக்குத் தினம் 8 டாலர், 31 முதல் 60 வரை தினம் 10, அதற்குமேல் 90 வரை தினம் 12. 90 நாளைத் தாண்டினால் பணத்தால் தீராது. பதிவோடு சேர்த்து ஓட்டுநர் உரிமத்தையே நிறுத்திவைப்பார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தும் பொத்தான் பிராங்க்ஸில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறது.

எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். பிளேட் தொலைந்தாலோ திருடு போனாலோ போலீஸ் ஒரு படிவம் தருவார்கள், அதைக் காட்டினால் பிளேட் கையில் இல்லாமலே டிஎம்வியில் ஒப்படைத்த கணக்காகிவிடும் என்று நண்பர் சொல்லியிருந்தார். கவுண்டரில் இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி: "நீங்களாகக் கொடுத்தீர்களா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் திருட்டு இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியும், அதனால் தொலையவும் இல்லை." பொய் சொல்லியிருந்தால் படிவம் கிடைத்திருக்கும், கூடவே பொய்ப் புகார் என்ற வேறு வம்பும் வந்திருக்கும்.

இதைவிடப் பெரிய பயத்தை என் மனைவியின் சித்தப்பா கிளப்பினார். அவர் வழக்கறிஞர். நியூயார்க் வாகனச் சட்டத்தில் 388ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளர் அனுமதியோடு யார் ஓட்டி விபத்து செய்தாலும் உரிமையாளரும் பொறுப்பு. "நான்தான் விற்றுவிட்டேனே சித்தப்பா, உரிமையாளர் அவர்தானே" என்றேன். "உன் பிளேட்டை மாட்டி ஓட்ட நீதானே விட்டே? அப்படி விட்டவன் அப்புறம் வண்டி என்னுது இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு இங்க கோர்ட்டுல தீர்ப்பே இருக்குப்பா. டைட்டில் கைமாறியிருந்தாலும் அதான். அந்த ஆள் இந்த நேரத்துல யாரையாவது இடிச்சிருந்தா, உன்கிட்ட இன்ஷூரன்ஸும் இல்லை." அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. வேகக் கேமராப் படங்கள் இரண்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் எடுத்தவை என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நவம்பர் 24, ஞாயிறு. சொல்லாமல் கொள்ளாமல் பிராங்க்ஸ் போனேன். விற்பனைச் சீட்டில் முகவரி வாங்கியிருந்தது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவர், பிளையர், துரு இளக்கும் ஸ்பிரே எல்லாம் கொண்டுபோனேன். கார் வாசலில் நின்றது. மணி அடித்தேன். அவர் வந்தார், முகம் சுருங்கவே இல்லை. "வாங்கண்ணா, காபி சாப்பிடுங்க." வேண்டாம் தம்பி, பிளேட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். "நாளைக்கு வேலைக்கு எப்படிண்ணா போவேன்?" என்றார். உண்மையிலேயே என்னிடம்தான் கேட்டார்.

ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். இடது ஸ்க்ரூ அப்போதும் வரவில்லை. பிளையரில் பிடித்து முறுக்கியதில் தலை ஒடிந்து பிளேட் கையோடு வந்தது. அக்டோபரிலேயே இதைச் செய்திருக்கலாம். ஒடிந்தால் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். முன்கண்ணாடியில் என் பதிவு ஸ்டிக்கரும் அப்படியே இருந்தது, அதையும் பிளேடு வைத்துச் சுரண்டினேன். அவர் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஜன்னலில் நின்றான். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சுரண்டினேன்.

திங்கள் காலை டிஎம்வி. பிளேட்டைக் கொடுத்ததும் எஃப்எஸ்-6டி என்ற ரசீது தந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம்தான். அக்டோபர் 15இலிருந்து அன்றைக்கு முந்தின நாள் வரை 41 நாள். முப்பது எட்டு 240, பதினோரு பத்து 110, ஆக 350 டாலர். பதிவை அத்தனை நாள் நிறுத்திவைப்பதை ஏற்றுக்கொண்டு கட்டாமலும் இருக்கலாம் என்றார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லே வேண்டாம் என்று கட்டினேன். டிசம்பரில் ஒரு ஃபயர் ஹைட்ரன்ட் டிக்கெட்டும் (தீயணைப்புக் குழாய் அருகே காரை நிறுத்தியதற்கான அபராதம்) வந்து சேர்ந்தது. 115 டாலர், தாமதத்துக்கு இன்னொரு 10. அசல் சீட்டு அவருடைய வைப்பரில் செருகியிருந்திருக்கும், எனக்கு எப்படித் தெரியும்?

விற்பவர்கள் வார நாளில் பாருங்கள். டிஎம்வி திறந்திருக்கும் நாளில் வாங்குபவரோடு சேர்ந்தே போய்விடலாம். அவர் தன் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுத்து, பதிவு செய்து, தன் பிளேட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டட்டும். அதுவரை கார் உங்கள் வாசலிலேயே நிற்கட்டும், முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் காரை இழுத்துப் போகும் டோ வண்டி அவர் செலவில். எஃப்எஸ்-6டி கைக்கு வந்த பிறகு இன்ஷூரன்ஸ் ஆப்பைத் திறங்கள். நேரில் போக முடியாதவர்கள் பிளேட்டை உரிய படிவத்தோடு ஆல்பனிக்குத் தபாலிலும் அனுப்பலாம், டிராக்கிங் எண்ணை மட்டும் தொலைக்காதீர்கள்.

மொத்தச் செலவு 729.87. ஒவ்வொரு சீட்டையும் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "கண்டிப்பா தர்றேன் அண்ணா" என்று 200 டாலர் அனுப்பினார். பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவராகவே ஒரு செய்தி போட்டார்.

"அண்ணா, டிஎம்வில சேல்ஸ் டாக்ஸ் 8.875% கேக்கறாங்க, 372 டாலர் ஆகுது. விலையை 1,000ன்னு போட்டு வேற ஒரு பில் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?"

ஆறு வாரம் என் பிளேட்டிலேயே ஏன் ஓடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. "முடியாது தம்பி. மீதி 529.87 எப்போ?" என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. அதோடு சரி.