முழுசா விடுவதா, அளவோடு தின்பதா, டப்பாவை ஒளிப்பதா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு டீ போட்டதும் எங்கள் வீட்டில் மிக்சர் டப்பா தானாகக் கூடத்துக்கு வந்துவிடும். யார் எடுத்து வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மதுரையில் இருக்கிறோம், தெருமுனையில் காரசேவு சுடச்சுடப் போடுகிற கடை இருக்கிறது, என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும், கால் கிலோ வாங்காமல் தாண்டியதாகச் சரித்திரமே இல்லை. நான் அப்போது 78 கிலோ, உயரம் 157 செ.மீ., வயது 41. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையில் 6.1 வந்தது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார் டாக்டர்.

இப்போது 67 கிலோ. ஒன்றரை வருஷம் ஆனது. இந்த ஒன்றரை வருஷத்தில் வாயைக் கட்ட ஆளாளுக்குச் சொன்ன வழிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், எது எதற்குச் சரிப்பட்டது, எது எங்கே கவிழ்த்தது என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும். (வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நம் ஊரில் சொல்வது காசு சேர்ப்பதற்கு. கையில் காசும் வீட்டில் பண்டமும் இருக்கும்போது வாயைக் கட்டுவது என் பாட்டிக்குப் புரிந்திருக்கவே புரியாது.)

முதலில் எல்லோரும் செய்வது, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பது. டப்பா எதிரே இருக்கும், எல்லோரும் தின்பார்கள், நான் மட்டும் மன உறுதியோடு டீயைக் குடிப்பேன். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் ஆபீஸில் ஒரு சண்டை, அன்றைக்கு டப்பாவில் பாதி காலி. மன உறுதி என்பது பேட்டரி மாதிரி, செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துவிடும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் சிலருக்கு எதிரே சுடச்சுட பிஸ்கட்டை வைத்துவிட்டு முள்ளங்கியைத் தின்னச் சொல்லி, பிறகு விடையே இல்லாத புதிரைக் கொடுத்தார்கள், முள்ளங்கிக் கோஷ்டி சீக்கிரமே கைவிட்டது, அதிலிருந்து வந்த பேச்சு. ஆனால் 2016-இல் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, வேறொரு சோதனை முறையில், அதே கருத்தைச் சரிபார்த்தபோது பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அதனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. எப்படியோ, தினமும் எதிரே வைத்துக்கொண்டு போராடுவது தண்டனை. அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, உண்மையான போட்டி: முழுசாக விடுவதா, அளவோடு சாப்பிடுவதா?

முழுசாக விடுவதன் பலம் என்ன என்று மாலை போட்டவர்களைப் பார்த்தால் தெரியும். எங்கள் மச்சான் ஒருவர் வருஷம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுபவர், கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் தொடமாட்டார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "மாலை போட்டிருக்கேன்ல" என்பார், அவ்வளவுதான். ஒன்றா, பாதியா, இன்றைக்கா, நாளைக்கா என்கிற பேரமே மனசுக்குள் நடப்பதில்லை. நானும் அதே மாதிரி ஒரு மண்டலம் இனிப்பு கிடையாது, பொரித்தது கிடையாது என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், அப்புறம் நிஜமாகவே சுலபமாகிவிட்டது. இருபத்து மூன்றாம் நாள் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஒரு ஸ்பூன் கேசரி. ஒரு ஸ்பூன்தான். ஆனால் விரதம் முறிந்துவிட்டதே என்று தோன்றியதும், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன, அன்று ராத்திரி வரைக்கும் கையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. 1975-இல் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் ஐஸ்க்ரீமை எதிரே வைத்தார்கள், சாதாரண ஆட்கள் குறைத்துச் சாப்பிட்டார்கள், டயட்டில் இருந்தவர்கள் மட்டும் மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். முழு விலக்கின் ஓட்டை இதுதான். மச்சான் கதைக்கும் மீதி உண்டு: மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் முதல் வேலையே பெட்டிக்கடைதான்.

சரி, அளவோடு சாப்பிடுவது? கேட்க நன்றாக இருக்கிறது, எல்லாப் பெரியவர்களும் சொல்வதும் அதுதான். சோற்றுக்கு இது பிரமாதமாக வேலை செய்தது. முன்பு நான்கு கரண்டி, இப்போது இரண்டு, கூட்டும் பொரியலும் இரண்டு மடங்கு, முதலில் அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை. இட்லியில் ஐந்து மூன்றானது, ஒரு வாரத்தில் வயிறு பழகிவிட்டது. மைசூர்பாகுகூட எனக்கு ஒரு துண்டோடு போதும், திகட்டிவிடும். ஆனால் மிக்சர், காரசேவு, முறுக்கு இந்த ஜாதிக்கு அளவு என்பதே கிடையாது, அதில் முதல் வாய் என்பது ஆரம்பம்தான். என் தங்கைக்கு அப்படியே தலைகீழ்: முறுக்கு ஒன்றோடு நிறுத்துவாள், லட்டு என்றால் பெட்டி காலியாகும்.

இதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முழு விலக்கா அளவா என்று ஒரு ஆளுக்கு ஒரு விடை சொல்ல முடியாது, ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஒன்று தின்றால் ஆசை அடங்குகிற பண்டத்துக்கு அளவு, ஒன்று தின்றால் ஆசை கிளம்புகிற பண்டத்துக்கு விலக்கு. என் விலக்குப் பட்டியலில் மூன்றே மூன்று பெயர்கள்தான். பட்டியல் நீளமானால் கேசரி மாதிரி எங்காவது ஒரு இடத்தில் இடறிவிழுவது நிச்சயம். மிக்சர் நூறு கிராமில் ஐந்நூறு கலோரிக்கு மேல் இருக்கும், பேசிக்கொண்டே இரண்டு கைப்பிடி அள்ளினால் முந்நூறு போச்சு, காலையில் ஒரு மணி நேரம் நடந்தது அதற்கே சரியாகிவிடும். அதனால் என் பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

மூன்றாவது வழி, கடிகாரம். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. ஆபீஸில் பாதிப் பேர் இதில்தான் இருக்கிறார்கள். சீனாவில் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருஷம் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். இரண்டு கோஷ்டிக்கும் ஒரே அளவு கலோரி, ஒரு கோஷ்டி மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் சாப்பிட வேண்டும். கடிகாரக் கோஷ்டிக்கு சுமார் எட்டு கிலோவும் மற்றவர்களுக்கு ஆறு கிலோ சொச்சமும் குறைந்தது, அந்த வித்தியாசம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று முடித்தார்கள். ஆக, கடிகாரத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை மூடல் என்று ஒரு விதி வைத்ததில் டிவி முன்னால் நடக்கிற கொறிப்பு மொத்தமாக நின்றது, அந்தப் பயன் எனக்கு நிஜம். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது மட்டும் ஒத்துவரவில்லை, பதினோரு மணிக்கு ஆபீஸ் கேன்டீன் வடை காப்பாற்றியது, அதாவது கவிழ்த்தது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போகக்கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. நம் வீடுகளில் ஒரு பொழுது இருப்பது காலங்காலமாக உண்டு. சஷ்டிக்கு விரதம் என்று சொன்னால் அத்தையே மற்றவர்களை அதட்டுவார், "அவ விரதம், அவகிட்ட நீட்டாதீங்க" என்று. அதே நான் உடம்பு குறைக்கிறேன் என்று சொன்னால், "ஏம்மா, ஒரு உருண்டை தின்னா என்ன ஆயிரப் போகுது?" சாமிக்கு என்றால் மரியாதை, உடம்புக்கு என்றால் வற்புறுத்தல். நாக்கை அடக்குவது பாதி வேலை, இன்னொரு பாதி, அன்பாக நீட்டுகிற கையை மனம் நோகாமல் மடக்குவது. அதற்கு ஊரில் செல்லுபடியாகிற ஒரு காரணம் வேண்டும். "டயட்" செல்லாது. "சுகர் வாசல்ல நிக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்பது செல்லும், ஏனென்றால் அத்தைக்கும் சுகர். அந்த ஒரு வாக்கியம் எனக்குச் செய்த உதவியை எந்த செல்போன் ஆப்பும் செய்யவில்லை.

ஆப் என்றதும் கலோரிக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சாம்பாரில் எத்தனை கிராம் பருப்பு என் கரண்டிக்கு வந்தது என்று எந்த ஆப்புக்கும் தெரியாது. 1992-இல் அமெரிக்காவில், எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை உட்காரவைத்து அளந்தபோது, சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதியை அவர்கள் எழுதவே இல்லை என்று தெரிந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கண்ணில் படவில்லை. எனக்குக் கண்ணில் படாதது பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசை, வீணாகக் கூடாதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது. இரண்டு வாரம் கணக்கு எழுதி இதைக் கண்டுபிடித்தேன், அதோடு ஆப்பை எடுத்துவிட்டேன்.

கடைசியாக, டப்பாவை ஒளிப்பது, அதாவது வீட்டையே மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதில்தான் சண்டையும் அதிகம். 2012-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் இருநூறு பேருக்கு மேல் ஒரு கருவியைக் கொடுத்து, நாள் முழுக்க அவ்வப்போது இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா, அதை எதிர்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சுயகட்டுப்பாடு நிறைய உள்ளவர்கள் ஆசையோடு நிறையப் போராடியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் குறைவாகப் போராடியிருந்தார்கள். ஆசை கிளம்புகிற இடத்திலேயே அவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் "வாங்காதே, வீட்டில் வைக்காதே" என்று சொல்கிறவர்கள் தனியாகக் குடியிருப்பவர்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு பேர். கரண்டி என் கையில், கடைக்குப் போகிற பை வீட்டுக்காரர் கையில், அலமாரி அத்தை கையில். மாமாவுக்கு டீயோடு காரம் இல்லாமல் முடியாது, 74 வயதில் அவரை ஏன் பட்டினி போட வேண்டும்? "எனக்காக எல்லோரும் விடுங்கள்" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் வீடே இழவு விழுந்த மாதிரி இருந்தது, அப்புறம் கைவிட்டேன்.

படிந்தது இதுதான்: கால் கிலோ நூறு கிராமானது, டப்பா மாமாவின் அறைக்குப் போனது, கூடத்து மேசையில் வறுத்த கடலையும் கொய்யாவும். மாமா அறைக்குள் போய் அவர் எதிரிலேயே மிக்சர் அள்ளித் தின்ன எனக்கு வெட்கம், அதுதான் பூட்டு. அவருக்கும் சந்தோஷம், டப்பா முழுக்க அவருடையது.

ஊசியைப் பற்றிக் கேட்பீர்கள். பசியையே மட்டுப்படுத்துகிற அந்த மருந்துகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன, வேலையும் செய்கின்றன. அவற்றில் ஒன்றான செமாகுளூட்டைட்டின் பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, நிறுத்திய ஒரு வருஷத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அது டாக்டரும் நீங்களும் பேச வேண்டிய விஷயம், காரசேவுக்கு எதிராக நான் எடுத்துப் போகிற ஆயுதம் இல்லை.

தனியாக இருப்பவரா, கடைப்பை உங்கள் கையில்தான், அதிலேயே முக்கால் வேலை முடிந்தது. ஹாஸ்டலோ மெஸ்ஸோ, அங்கே அலமாரி உங்களுடையது இல்லை, அளவும் கடிகாரமும்தான் கைகொடுக்கும். கூட்டுக் குடும்பமா, முதலில் வீட்டில் பேசுங்கள், மூன்று பெயர்ப் பட்டியலை அப்புறம் போடுங்கள்.

அதிரசத்துக்கு மட்டும் நான் எந்த விதியும் போடவில்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அத்தை எண்ணெயிலிருந்து எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அமுக்கி, முதல் இரண்டை என் பக்கம் நீட்டுவார். சுகர் பேச்சை அன்றைக்கு அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.