கேனன், பானசோனிக், சோனி: யாருடைய மாடல் குறியீடு உதவுகிறது?

அக்கா மகன் பழைய கேமரா ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். விளம்பரத்தில் மாடல் பெயர் 'கேனன் டிஎஸ்126311' என்று இருந்ததாம். "மாமா, இப்படி ஒரு கேமராவே கிடையாதே?" என்றான். முன்பக்கப் படத்தை வாங்கிப் பார்த்தால் 'ரெபெல் டி3ஐ'. யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இங்கே அதையே 600டி என்று விற்றார்கள். ஜப்பானில் கிஸ் எக்ஸ்5.

டிஎஸ் எண் சீரியல் நம்பர் இல்லை; அந்த மாடல் கேமரா எல்லாவற்றின் அடியிலும் அதே எண்தான். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது என்பது கேனனின் நல்ல பக்கம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் புரியாது. 550டி-க்கு 126271, 600டி-க்கு 126311. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த படத்தின் எக்சிஃப் தகவலிலும் (படக் கோப்புக்குள் கேமரா தானே எழுதிவைக்கும் விவரம்) அந்தந்த நாட்டுப் பெயர்தான் பதிவாகும்.

பானசோனிக்கிலும் இதே தலைவலி. 2016-இல் வந்த ஒரு கேமராவுக்கே மூன்று பெயர்: ஐரோப்பாவில் ஜிஎக்ஸ்80, அமெரிக்காவில் ஜிஎக்ஸ்85, ஜப்பானில் ஜிஎக்ஸ்7 மார்க் 2. ஒரு சௌகரியம், 2017-இல் ஜிஎச்5 வந்தபோது மாடல் எண்ணின் முன்னொட்டு டிஎம்சி-யிலிருந்து டிசி ஆனது. டிஎம்சி என்று பார்த்தாலே பழைய தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

என் ஓட்டு சோனிக்கு. ஏ7 III உலகம் முழுக்க ஐஎல்சிஇ-7எம்3தான், எக்சிஃபிலும் அதுவே. முன்னொட்டே கேமராவின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்: படமெடுக்கும்போது மேலே எழும் கண்ணாடி வைத்த 2006-இன் ஏ100-க்கு டிஎஸ்எல்ஆர்; ஒளி ஊடுருவும் அசையாத கண்ணாடி வைத்த 2010-இன் ஏ55-க்கு எஸ்எல்டி; கண்ணாடியே இல்லாத, இ-மவுன்ட் என்ற லென்ஸ் பொருத்தும் அமைப்பு கொண்ட மிரர்லெஸ் என்றால் 2013 முதல் பெரும்பாலும் ஐஎல்சிஇ. அதற்கு முன் மூன்று வருடம் நெக்ஸ்.

அதிலும் கடைசி எழுத்தைக் கவனிக்காவிட்டால் காசு போகும். 7எம்3-இல் எம்3 என்பது மூன்றாம் தலைமுறை. 6400எம்-இல் உள்ள எம்முக்கோ, கூடவே 18-135 மி.மீ. ஜூம் லென்ஸ் வரும் என்று பொருள். எல் என்றால் 16-50. 2021-இல் வந்த 7ஆர்எம்4ஏ-வில் அந்த ஏ, பின்திரைக்காக: 14.4 லட்சம் புள்ளிகள் 23.6 லட்சமாயின. சென்சார் அதே 61 மெகாபிக்சல். பழைய 7ஆர்எம்4 நல்ல விலைக்குக் கிடைத்தால் நான் ஏ-வைத் தேடி அலையமாட்டேன்.

நிக்கானில் டிஎஸ்எல்ஆர் வரை குழப்பமே இல்லை, டி750 எங்கும் டி750. இசட்6 II மட்டும் எக்சிஃபில் 'இசட் 6_2' என்று விசித்திரமாக நிற்கும்.

சரி, அவன் கதைக்கு வருவோம். 600டி-க்கு இங்கே என்ன விலை போகிறதோ அதற்கே பேசி முடித்தான். பேட்டரியும் அதே எல்பி-இ8தான். சார்ஜர் மட்டும் தட்டைப் பின்னோடு வந்திருக்கிறது, அதற்கு ஓர் அடாப்டர் வாங்க வேண்டும்.