டாலஸ் பக்கம் ஹிட்டிங் கோச் தேடுபவர்களுக்கு

பையன் பத்தாம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் டீமில் அவனை எடுத்ததே ஃபீல்டிங்குக்காக. பேட்டிங் வரிசையில் கடைசி ஆள். அதனால்தான் டாலஸ் புறநகரில், பழைய கிடங்கு ஒன்றை வலை கட்டிப் பிரித்து நடத்தும் பயிற்சிக் கூடத்தில் சேர்த்தோம். இடம் சுமார்தான். கோடையில் புழுக்கம் தாங்காது, பெற்றோர் உட்கார நாற்காலி போதாது. ஆனால் அங்கே பேட்டிங் சொல்லித்தரும் கோச்சைப் பற்றி நிறையவே சொல்லலாம்.

இங்கே ஹிட்டிங் வகுப்பு எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. எந்த டீமில் ஆடினார்கள் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இவர் ஆடியது கல்லூரி விளையாட்டில் இரண்டாம் நிலையான டிவிஷன் 2 கல்லூரியில், பெரிய பேர் ஒன்றும் கிடையாது. அப்புறம் பார்த்த வேலைகள்தான் விசேஷம். மேல்படிப்பு படித்துக்கொண்டே கல்லூரி டீமில் உதவிக் கோச், கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்பார்கள். பிறகு இரண்டு வருடப் படிப்புள்ள ஒரு ஜூனியர் காலேஜ். ஹிட்டிங் கோச் என்று பேர், மைதானத்துக்குத் தண்ணீர் விடுவதும் டீம் வேன் ஓட்டுவதும் அவர்தான். கோடை விடுமுறையில், கல்லூரிப் பையன்கள் மர மட்டையோடு ஆடும் லீக்குகளில் வேலை. கடைசியாக முதல் நிலையான டிவிஷன் 1இல் வாலண்டியர் அசிஸ்டன்ட்.

இந்த வாலண்டியர் விஷயத்தைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தலைமைக் கோச்சுக்கும் இரண்டு அசிஸ்டன்ட்களுக்கும் மட்டும்தான் சம்பளம் தரலாம், மூன்றாவது அசிஸ்டன்டுக்குத் தரக்கூடாது என்று, கல்லூரி விளையாட்டுகளுக்கான அமைப்பான என்சிஏஏவின் விதியே இருந்தது. மற்றவர்களுக்குச் சமமாக உழைத்துவிட்டு, கோடை முகாமிலும் தனி வகுப்பிலும் கிடைப்பதை வைத்து வாடகை கட்ட வேண்டும். 2022இல் இப்படிப்பட்ட கோச்சுகள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியே இல்லை, சம்பளம் தரலாம். குழந்தை பிறந்ததும் குடும்பத்துக்காக இவர் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அசிஸ்டன்டாகத் தொடங்கி மேலே போனவர்களும் உண்டு. மிசூரி, டிசியூ, ஆர்கன்சா பல்கலைக்கழகங்களில் அசிஸ்டன்டாக இருந்த டோனி விட்டெல்லோ, டென்னசி தலைமைக் கோச்சாக 2024இல் கல்லூரி பேஸ்பாலின் சாம்பியன் போட்டியான கல்லூரி உலகத் தொடரை ஜெயித்து, அடுத்த வருடமே தொழில்முறை டீமான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேனேஜராக, அதாவது தலைமைக் கோச்சாக, ஆகிவிட்டார். ஆனால் அந்த ஏணியில் பாதியில் நிற்பவர்கள்தான் அதிகம், அவர்களில் எவ்வளவு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை இவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வகுப்புக்கு வருகிறேன். பந்தை நிறுத்தி அடிக்கும் டீ என்ற தாங்கியை முன்னால் வைக்காமல் பையனின் பின்னங்கால் முட்டிக்கு நேராகத் தள்ளி வைத்தார். வலது பக்க வலைக்கு அடி என்றார், அவ்வளவுதான். தோளைத் திற, இடுப்பைத் திருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் பந்து நேராகத் தரையில் குத்தியது. அப்புறம் கை தானாக உள்ளே ஒட்டி வர ஆரம்பித்தது, பந்து வலது வலையில் மோதியது. அதன் பிறகு அலுமினிய மட்டையை வாங்கி வைத்துவிட்டு மர மட்டையைக் கொடுத்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் உள்ளங்கை விண்ணென்று தெறிக்கும், பந்து செத்து விழும். அலுமினியம் மன்னித்துவிடும் தவறை மரம் மன்னிக்காது. கல்லூரியில் வெளுத்து வாங்கிய பையன்கள் கோடை லீக்கில் திணறியதை வருஷா வருஷம் பார்த்தவர் இவர்.

கேஜில், அதாவது வலை கட்டிய தடுப்புக்குள், பந்து மட்டையிலிருந்து போகும் வேகத்தைக் காட்டும் திரை இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு அடிக்கும் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் வகுப்பு ஆரம்பித்ததுமே திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்; கடைசி ஐந்து அடிகளுக்குத்தான் பார்க்க விடுவார். “கல்லூரிக் கோச்சுகள் நம்பரைப் பார்த்து உன் பேரைக் குறித்துக்கொள்வார்கள். கெட்ட பந்தை விடுகிறாயா என்று பார்த்துத்தான் போன் பண்ணுவார்கள்” என்றார் பையனிடம். அதற்காகவே பந்துகளில் வண்ணப் புள்ளி வைத்திருக்கிறார்: பச்சை என்றால் அடி, சிவப்பு என்றால் விடு, நிறத்தை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

என்னிடமும் நேர்மையாகப் பேசினார். பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 கோச்சுகள் பையனிடம் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது, அதற்கு முன்பே ‘ஆள் தெரியும்’ என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்றார். முகாம் முகாமாகச் செலவழிக்க இருந்தோம், நிறுத்திவிட்டோம்.

குறை என்றால், அரை மணிக்கு 60 டாலர் எங்களுக்குக் கனமாகத்தான் இருக்கிறது. நேரமும் சட்டென்று ஓடிவிடுகிறது. மெசேஜுக்குப் பதில் மறுநாள்தான் வரும். இன்னொன்று, கல்லூரி டீம்கள் கோச்சுகளை மாற்றுவது பெரும்பாலும் சீசன் முடிந்த ஜூன், ஜூலையில். சம்பளத்தோடு வேலை வந்தால் போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போனால் எங்களுக்கு நஷ்டம்தான், ஆனாலும் அவருக்கு அந்த வேலை கிடைக்கட்டும் என்றுதான் நானும் பையனும் ஆசைப்படுகிறோம்.

பையன் இப்போது ஆறாவதாக இறங்குகிறான். ஐந்துக்கு நாலரை தருவேன். சேர்ப்பவர்கள் வார நாள் மாலை ஏழு மணிக்கு மேல் கேளுங்கள், பக்கத்து கேஜ்கள் காலியாக இருக்கும், அவர் சொல்வது காதில் விழும்.