பால் மங்குக்கு எந்த பிளாஸ்டிக்?

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் நான் வேலை செய்யும், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் பட்டறைக்கு, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, அதாவது கிண்ணம், செய்யக் கேட்டுத் தோட்டத்து ஆட்கள் வருவதுண்டு. "நல்லா கெட்டியா இருக்கணும்" என்பார்கள். கெட்டி என்றதும் மனம் நைலானுக்கும் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்குக்கும்தான் ஓடும். மங்குக்கு இரண்டுமே வேண்டாம்.

நைலான் பல்சக்கரத்துக்கு அருமையான சரக்கு. நைலான் 66 என்ற வகை உருகவே 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் பாலை உறைய வைக்க நாம் ஊற்றுவது பார்மிக் ஆசிட். கலப்புத் துணியில் நைலான் எவ்வளவு என்று பார்க்க, ஆய்வகத்தில் அதை 80 சதவீத பார்மிக் ஆசிட்டில்தான் கரைக்கிறார்கள்! மங்கில் விழுவது தண்ணீர் கலந்தது, உடனே கரைக்காது, சரி. ஆனாலும் தினமும் பட்டால் நைலான் தாங்காது. டிரம்மிலிருந்து ஆசிட் அளக்கும் குவளையை நைலானில் செய்யவே கூடாது.

ஏபிஎஸ் பளபளப்பாக, அளவு பிசகாமல் வரும். அதற்கு அடிதாங்கும் தன்மையைத் தருவது உள்ளே இருக்கும் பாலிபியூட்டடைன் ரப்பர். வெயில் முதலில் கைவைப்பது அதில்தான். மஞ்சளாகி, அப்புறம் விரிசல் விடும். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மங்கு வெடித்து ஒழுகும் பால் வெட்டுபவரின் கூலியில்தான் குறையும். அதனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மிச்சம் பிபியும் (பாலிபுரோப்பிலீன்) எச்டிபிஈயும் (அடர்த்தி கூடிய பாலிஎதிலீன்). இரண்டுமே பார்மிக் ஆசிட்டைத் தாங்கும். எச்டிபிஈ கடுங்குளிரிலும் உடையாது, ஆனால் கெடாவில் அந்தக் குளிர் ஏது? விறைப்பு பிபியில்தான் அதிகம், மெல்லிய சுவரிலேயே மங்கு நெளியாமல் நிற்கும். கீழே விழுந்து அடிபடும் பொருள் என்பதால் அடிதாங்கும் கோபாலிமர் வகை பிபியைக் கேளுங்கள். வெறும் பிபி வெயிலில் நொறுங்கும். 2 முதல் 2.5 சதவீதம் கார்பன் கருப்பு என்ற கரித்தூள் சேர்த்தால் நன்றாகத் தாங்கும்.

இன்னொன்று. ஆறும்போது ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 சதவீதம்தான் சுருங்கும். பிபி 1 முதல் 2.5 வரை போகும். ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய அச்சில் பிபியை ஊற்றினால் மங்கு சிறுத்து, மரத்தில் அதைத் தாங்கும் கம்பி வளையத்தில் லொடலொடக்கும். அச்சு வெட்டக் கொடுக்கும் முன்பே பிபி என்று சொல்லிவிடுங்கள்.