டிரம் ஸ்மோக்கர்: மூடியை மாற்றினால் நல்ல அடுப்பு

200 லிட்டர் இரும்பு டிரம்மில் அமெரிக்கர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் கரி ஸ்மோக்கருக்கு (கறியைப் புகையிலும் மிதமான சூட்டிலும் வேகவைக்கும் அடுப்பு) 'அக்ளி டிரம் ஸ்மோக்கர்' என்று பெயர். பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), பன்றித் தோள்கறி போன்ற பெரிய துண்டுகளை மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்க, இந்தச் செலவில் இதைவிட நல்ல அடுப்பு கிடைக்காது. ஆனால் பரவலாகப் புழங்கும் அளவுகளில் ஒரு குறை இருக்கிறது.

அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில் முக்கால் அங்குலக் குழாய் நான்கு. ஒன்றில் பால் வால்வ் (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் வால்வ்), மற்றவற்றில் கழற்றி மாட்டும் மூடி. மேல் மூடியில் அரை அங்குல ஓட்டை எட்டு. இதுதான் வழக்கமான அமைப்பு. கணக்குப் பார்த்தால் நான்கு குழாயும் திறந்திருக்கும்போது காற்று உள்ளே வர ஏறக்குறைய 2.1 சதுர அங்குலம், புகை வெளியேற 1.6கூட இல்லை. போதாததற்கு, சின்ன ஓட்டைகளில் தார் படிந்து சீக்கிரமே குறுகிவிடும். உள்ளேயே தேங்கும் புகை கறியில் கசப்பாக ஒட்டுகிறது.

எட்டு ஓட்டைக்குப் பதில் 2 அங்குல ஓட்டை ஒன்று போட்டு, 6 முதல் 8 அங்குல உயரக் குழாயைப் பொருத்தினால் 3 சதுர அங்குலத்துக்கு மேல் வழி கிடைக்கும், புகையை மேலே இழுக்கும் வேகமும் கூடும். அதற்குமேல் குழாயை உயர்த்த வேண்டாம், கரி வேகமாகத் தீர்ந்துவிடும். இந்தக் குழாயை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ் வால்வில்தான். கெட்டியான வெள்ளைப் புகை மறைந்து, மெல்லிய நீலம் தெரிந்த பிறகே கறியை உள்ளே வைக்க வேண்டும்.

அடுத்தது மூடியின் விளிம்பு. அங்கே சந்து இருந்தால் வால்வை மூடினாலும் சூடு இறங்காது. சந்தை அடைக்கும், சூடு தாங்கும் கேஸ்கெட் பட்டை ஒட்டினால் 110–130 டிகிரி செல்சியஸில் நிலையாக நிற்கும். மூடியில் பதித்த வெப்பமானியை நம்பக் கூடாது. கறி இருக்கும் கம்பித் தட்டின் உயரத்தில்தான் அளக்க வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கெடுதல், காற்று புகுந்து கரி முழுவதும் பற்றிக்கொள்ளும்.

கரிக்கூடை அடித்தகட்டிலிருந்து 3 அங்குலம் தூக்கியே இருக்கட்டும். இல்லையென்றால் சாம்பல் குவிந்து காற்றை அடைக்கும். கூடை நிறையப் பற்றவைக்காத கரி, மேலே ஒரு கை கங்கு: நெருப்பு மெதுவாகக் கீழிறங்கும். நடுவில் மட்டும் கறி கருகினால், கூடைக்கு மேல் 45 செ.மீ. விட்டமுள்ள, ஓட்டைகள் போட்ட தகடு வைக்கலாம். சுற்றிலும் 6 செ.மீ. இடைவெளி கிடைக்கும். கோழிக்கு அது வேண்டாம். கொழுப்பு கங்கில் சொட்டி எழும் வாசனைதான் இந்த டிரம்மின் தனி ருசி, அதை ஏன் தடுக்க வேண்டும்?

ரசாயனம் அடைத்திருந்த டிரம்மைத் தொடவே வேண்டாம். துத்தநாகம் பூசியதும் ஆகாது, சூட்டில் நச்சுப்புகை வரும். உணவு எண்ணெய் வந்த, உள்பூச்சில்லாத டிரம் கேட்டு வாங்குங்கள்.