ஹனோய் இராணுவ வரலாற்று நூதனசாலை: கிளிநொச்சியிலிருந்து போன இருவரின் ஒரு நாள்

வியட்நாம் இராணுவ வரலாற்று நூதனசாலையைப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அரை நாள் போதும் என்று சொன்ன வழிகாட்டியை நம்பியதுதான் பெரியப்பாவும் நானும் செய்த பிழை. காலை பத்து மணிக்கு எங்களை வாசலில் இறக்கிவிட்ட அவர், பதினொன்றரைக்கு மதிய இடைவேளைக்காகக் கதவை மூடி ஒரு மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதைச் சொல்லவே இல்லை. ஆகவே போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். திங்களும் வெள்ளியும் விடுமுறை. நுழைவுச்சீட்டு 40,000 டொங். எண்ணைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், நம் காசில் ஐந்நூறு ரூபாய் அளவுதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இணையவழி விசாவை 25 டொலருக்கு எடுக்கலாம்.

நகர நடுவில், பழைய கொடிக் கோபுரத்துக்கு அருகில் 1959 முதல் இயங்கிய நூதனசாலை இதுவே. இப்போதைய பெரிய கட்டடம் நகரின் மேற்குப் புறத்தில், தாங் லோங் பெருந்தெருவோரம் 2024 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. முற்றத்தில் நிற்கும் வெற்றிக் கோபுரத்தின் உயரம் 45 மீற்றர். விடுதலை அறிவிக்கப்பட்ட 1945ஐ அது குறிக்கிறதாம். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் மிக்-21 போர் விமானம் ஒன்று தொங்குகிறது. 4324 என்ற எண்ணுடைய அந்த விமானம் 14 அமெரிக்க விமானங்களை வீழ்த்தியது என்பது வியட்நாமியரின் கணக்கு. பார்வையாளர் பலரும் அதன் கீழேயே நின்று படம் எடுத்து நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அதைவிட வட வியட்நாமியப் படையின் 843ஆம் இலக்க டாங்கியின் கதை எனக்குச் சுவையாக இருந்தது. 1975 ஏப்ரல் 30 அன்று, தென் வியட்நாமின் தலைநகராக இருந்த சைகோனில் சுதந்திர மாளிகையின் பெருவாயிலை உடைத்தது இதுவே என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. ஆனால் பிரெஞ்சுப் பெண் புகைப்படக்காரர் ஒருவர் அன்று எடுத்த படம் இருபது ஆண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்தபோது, இது பக்கவாயிலில் சிக்கி நின்றதும், பெருவாயிலை உடைத்துச் சென்றது 390ஆம் இலக்க டாங்கி என்பதும் தெளிவாயின. ஆயினும், மாளிகையின் மேல் கொடியை ஏற்றியவர் 843இன் தளபதிதான்.

பழங்காலப் பகுதியை நாங்கள் விரைவாகவே கடந்தோம். 938இல் பாக் டாங் ஆற்றில் மரமுளைகளை நட்டு, வற்றும் நீரில் எதிரிக் கப்பல்களைச் சிக்கவைத்த உத்தியை மட்டும் பெரியப்பா நின்று கேட்டார். அவருடைய கால்கள் உண்மையில் ஓய்ந்து நின்ற இடம், 1954இல் பிரெஞ்சுப் படையை வியட்நாமியர் தோற்கடித்த டியன் பியன் பூ சமருக்கான பகுதி. அங்கே பாரம் ஏற்றும் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 56 நாள் நீடித்த அந்தச் சமருக்கு மலைப்பாதைகளால் அரிசியும் வெடிபொருளும் கொண்டுபோன ஆயிரக்கணக்கான சைக்கிள்களின் வகை அது. ஹாண்டிலின் ஒரு பக்கத்தில் நீண்ட மூங்கில் தடி கட்டப்பட்டிருக்கிறது. சீற்றுக்குப் பின்னால் இன்னொரு தடி நிமிர்ந்து நிற்கிறது. ஏறி ஓட்டுவதற்கல்ல, பக்கத்தில் நடந்தபடி ஒரு கையால் திருப்பி மறுகையால் தள்ளுவதற்கான ஏற்பாடு. இருநூறு, முந்நூறு கிலோ வரை ஏற்றியிருக்கிறார்கள். ரியூப் வெடிக்காமலிருக்க உடுப்பைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வவுனியாவிலிருந்து கிளாலி நீரேரிக் கரை வரை மண்ணெண்ணெய்க் கான்களைச் சைக்கிளில் கட்டி உருட்டியவர் பெரியப்பா. கண்ணாடியின்மேல் குனிந்து பின்சில்லை அவர் பார்த்த விதத்தில் சைக்கிள் திருத்துபவர் ஒருவரின் கவனம் இருந்தது. “பாரம் எல்லாம் பாருக்குக் கீழ இறங்கியிருக்குப் பார். மேல ஏத்தினால் முன்சில்லு கிளம்பும். நாங்கள் அதைப் படிக்க நாலு தரம் விழ வேண்டியிருந்தது” என்றார். டயர் கிடைக்காத நாள்களில் பழைய டயரை வெட்டி டயருக்குள் வைத்துத் தைத்ததையும் சொன்னார். பக்கத்தில் நின்ற வியட்நாமிய முதியவர் ஒருவர், மொழி விளங்காவிட்டாலும் கைச்சாடையைப் பார்த்துவிட்டுத் தானும் மூங்கில் தடியைப் பிடிப்பதுபோல் காட்டினார். இருவரும் கால் மணி நேரம் அப்படியே பேசினார்கள். எனக்கு அந்த நூதனசாலையின் மிகச் சிறந்த காட்சி அதுதான்.

வெளி முற்றத்தில் வீழ்த்தப்பட்ட விமானங்களின் சிதைவுகளும் கைப்பற்றிய பீரங்கிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே படம் எடுக்கலாமா என்று கேட்டபோது பெரியப்பா வேண்டாம் என்றார். போர் முடிந்த பின், ஏ-9 வீதியோரம் விழுந்து கிடந்த எங்கள் கிளிநொச்சி நீர்த்தாங்கிக்கு முன்னால் பேருந்துகளில் வந்திறங்கியவர்கள் சிரித்தபடி படம் எடுத்ததை அவர் மறக்கவில்லை. நான் எடுத்தேன், பிறகு ஏனோ சங்கடமாக இருந்தது. வெளிநாட்டுப் பயணியாக நிற்பது, பிறருடைய இரும்புக்குவியலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகக்கூடிய நிலையில் நிற்பதுதானே.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இது வென்றவர்களின் நூதனசாலை. தென் வியட்நாமியப் படையில் சேர்ந்து இறந்தவனும் அதே மண்ணின் பிள்ளைதான். ஆனால் அவனுடைய தாய்க்கு ஒரு மூலைகூட என் கண்ணில் படவில்லை. புதுக்குடியிருப்பில் போருக்குப் பின் இலங்கை இராணுவம் வைத்திருந்த காட்சிக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வெறுமை பழக்கமானதாக இருக்கும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் எடுத்துச் செல்ல வேண்டும். முற்றம் மிகப் பெரியது, நிழல் குறைவு. திரும்பும் வண்டியை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. நாங்கள் நாலரைக்கு வெளியே வந்து பெருந்தெருவோரம் நெடுநேரம் நின்றோம். அந்நேரம் முழுதும் பெரியப்பா, முந்நூறு கிலோவை மலையில் ஏற்றும்போது பிறேக் எப்படிப் பிடித்திருப்பார்கள் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்.