1,90,000 கிமீ ஓடின ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்ல கியர் ஆயில் மாத்தின அனுபவம்

என்னோடது 2011 சிட்டி, பழைய 5 ஸ்பீட் ஆட்டோமேட்டிக், சிவிடி (கியருக்கு பதிலா பெல்ட், புல்லி வெச்சு ஓடற டைப்) கிடையாது. செகண்ட் ஹேண்டா 70,000ல வாங்கினது, இப்ப 1,90,000 தாண்டிடுச்சு. தினமும் வேளச்சேரிலேர்ந்து சிறுசேரி போயிட்டு வர்ற ஓட்டம்தான். கியர் ஆயிலுக்கு ஓஎம்ஆர் டிராஃபிக்கை விட பெரிய தண்டனை எதுவும் இல்ல, ஹைவேல டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்தற பாகம்) லாக் ஆகி ஒரே சீரா போயிடும், ஊர்ந்து ஊர்ந்து போறப்பதான் ஆயில் உள்ளயே கடையப்பட்டு சூடேறி கெட்டுப்போகுது.

1,30,000 கிட்ட 2லேர்ந்து 3க்கு மாறும்போது லேசா ஒரு இடி வர ஆரம்பிச்சுது. அப்புறம் 50, 60 வேகத்துல மெதுவா ஆக்சிலரேட்டர் குடுத்தா வரிவரியா போட்ட ரோட்டு மேல போற மாதிரி ஒரு நடுக்கம். இன்ஜின் மவுண்ட்னு நினைச்சு அதையும் மாத்தி பாத்தாச்சு, போகல. டிப்ஸ்டிக்கை (ஆயில் லெவல் பாக்கற கம்பி) இழுத்து வெள்ளைத் துணில துடைச்சா டிகாஷன் கலர். புது ஆயில் செக்கச்செவேல்னு இருக்கும். முதல் ஓனரோட பில்லெல்லாம் எடுத்து பாத்தேன், கியர் ஆயில் மாத்தினதா ஒரு வரி கூட இல்ல.

கேட்ட ரெண்டு மெக்கானிக்கும் ஒரே பதில்தான், "சார், இவ்ளோ கிலோமீட்டருக்கு அப்புறம் கைய வெச்சா கியர்பாக்ஸ் போயிடும், ஓடற வரைக்கும் ஓடட்டும்". அவங்களையும் முழுசா தப்பு சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸ் உள்ள இருக்கற கிளட்ச் தேஞ்சு, பிடிக்காம வழுக்கி ஸ்லிப் ஆக ஆரம்பிச்ச வண்டிக்கு புது ஆயில் ஊத்தி ஒண்ணும் ஆகாது, அது தானா படுத்ததும் பழி ஆயில் மேல விழும். என் வண்டில ஸ்லிப் இல்ல, தீஞ்ச வாசனையும் இல்ல, அதனாலதான் தைரியமா இறங்கினேன்.

மெஷின் வெச்சு மொத்த ஆயிலையும் தள்ளி வெளியேத்தற ஃபிளஷ் பண்ணவே இல்ல. வெறும் டிரெயின், ஃபில், அதாவது கீழ போல்ட்டைக் கழட்டி வர்றதை இறக்கிட்டு புதுசு ஊத்தறது. ஒரு தடவை இறக்கினா ரெண்டரை லிட்டர் கிட்டதான் வரும், மீதி கன்வர்ட்டர்லயும் உள்ளயும் தங்கிடும், அதாவது பாதிக்கும் கொஞ்சம் கம்மியாதான் மாறுது, அதனால 500, 600 கிமீ இடைவெளி விட்டு மூணு தடவை பண்ணேன், அதுல எண்பது சதவீதத்துக்கு மேல புது ஆயில் ஆயிடும். மொத்தம் 8 லிட்டர் ஹோண்டா டிடபிள்யூ-1 வாங்கினேன், ஹோண்டாவோட பழைய ஆட்டோமேட்டிக் ஆயில் இசட்-1க்கு பதிலா வந்தது அதான். டிரெயின் போல்ட்ல சதுரக் குழி இருக்கும், 3/8 ராட்செட் நேரா உக்காரும், வாஷர் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்க. போல்ட் நுனில இருக்கற காந்தத்தை கண்டிப்பா பாருங்க, மை மாதிரி நைஸா கருப்பா ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், துண்டு துண்டா இரும்பு வந்தா விஷயம் வேற. எனக்கு மை மட்டும்தான்.

எவ்ளோ வெளிய வந்துச்சோ அளந்து அதே அளவுதான் உள்ள ஊத்தணும். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை சுத்தற வரை ஓடவிட்டு, சமதரைல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி 60லேர்ந்து 90 செகண்டுக்குள்ள லெவல் பாக்கணும். ஓடும்போதே பாக்கற பழக்கம் வேற கம்பெனி வண்டிகளுக்கு, இதுக்கு இல்ல.

முதல் தடவைலயே நடுக்கம் பாதி குறைஞ்சுது, மூணாவதுக்கு அப்புறம் சுத்தமா காணோம், எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதுக்கப்புறம் 20,000 கிமீக்கு ஒரு தடவை ஒரே ஒரு டிரெயின், இப்ப 60,000 கிமீ இப்படியே ஓடிடுச்சு.

2014லேர்ந்து வந்த சிவிடி சிட்டி வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இந்த ஆயிலை ஊத்திடாதீங்க, அதுக்கு எச்சிஎஃப்-2ன்னு தனி ஆயில், மாத்தி ஊத்தினா பெல்ட்டும் புல்லியும் வீணாயிடும்.

ஒண்ணு மட்டும் சரியாகல. காலைல முதல் தடவை ரிவர்ஸ் போட்டா ஒரு செகண்ட் யோசிச்சுட்டுதான் பிடிக்குது, முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. பிடிக்கற வரைக்கும் பிரேக்லேர்ந்து கால எடுக்கறதில்ல, ஆக்சிலரேட்டரையும் தொடறதில்ல.